விடாத வாய் வலியும் இரும்புச் சுவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசை வாயில் அடக்கி வைத்திருக்கிற மாதிரி ஒரு சுவை, கூடவே ஈறிலோ நாக்கிலோ ஓயாத வலி. இந்தத் தொந்தரவோடு பல் மருத்துவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் தாமதித்தே வருகிறார்கள். அதற்குள் பித்தம் என்று இஞ்சிச் சாறு, சூடு என்று இளநீர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பி காம்ப்ளக்ஸ் என ஒரு சுற்று முடிந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வாயில் இரும்பே இல்லை, இரும்புச் சுவை மட்டும் எங்கிருந்து வருகிறது?

பல நேரம் இரும்பு உண்மையிலேயே இருக்கிறது, ரத்தத்தில். ஈறிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு கசிந்தாலே போதும். ரத்தத்தின் இரும்பு வாயில் உள்ள கொழுப்போடு சேரும்போது ஒருவித வாடை உண்டாகிறது. அது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது, நமக்கு அது நாக்கில் பட்ட சுவையாகத் தெரிகிறது. காசை எண்ணிய கையில் வீசும் வாடையும் இதே சங்கதிதான். அது உலோகத்தின் வாடை அல்ல, உலோகம் பட்ட நம் தோலெண்ணெயின் வாடை.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சுவை தூக்கலாக இருக்கும்போது மூக்கை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவை நன்றாகக் குறைந்தால் வாயில் ஏதோ பொருள், பெரும்பாலும் ரத்தம் அல்லது இரும்புச்சத்து மாத்திரை, வாடையாக ஏறுகிறது என்று நினைக்க இடமுண்டு. குறையவே இல்லை என்றால் மருந்து, நரம்பு என்று வேறு பக்கம் தேட வேண்டியிருக்கலாம். இதை வைத்து நோயை முடிவு செய்துவிட முடியாது. ஆனால் மருத்துவரிடம் சொல்லத் தகுந்த தகவல்.

வலி, சுவை இரண்டும் சேர்ந்தே வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

ஈறு. அரிய நோய்களைப் பற்றி நள்ளிரவில் தேடிப் படிப்பதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழுதட்டை இழுத்துப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு பல்லை இறுகப் பிடித்திருக்கும், இரண்டு பல்லுக்கு நடுவில் கூர்மையான முக்கோணமாக ஏறியிருக்கும். பொதுவாக இளஞ்சிவப்பு நிறம், நம்மில் பலருக்குக் கருமையும் கலந்திருக்கும், அது இயல்புதான். நோய் பிடித்த ஈறு உப்பி, பளபளவென்று சிவந்து, அந்த முக்கோண முனை மழுங்கிப்போய் இருக்கும். கீழ் முன்பற்களின் உட்புறம் நாக்கால் தடவினால் சொரசொரப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் அது காரை, அதாவது பல்லில் படிந்து கெட்டியாகிப்போன அழுக்கு.

காலையில் எழுந்ததும் சுவை அதிகம், துப்பினால் எச்சிலில் சிவப்பு, தலையணை உறையில் லேசான கறை என்றால் ராத்திரியில் ஈறு கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தில் பிரஷ் போடாமல் விடுபவர்கள்தான் அதிகம். அழுக்கு இன்னும் சேர்ந்து கசிவு கூடுகிறது. மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தையும் சேர்த்துத் துலக்க வேண்டும், காரையைப் பல் மருத்துவர் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். 'கிளீன் பண்ணினால் பல் ஆடும்' என்று வீட்டுக்கு ஒருவராவது சொல்வார்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் கரையும்.

புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகவே தெரியும். 'எனக்கு ரத்தமே வராது' என்பதை அவர்கள் நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போடுபவர்களுக்குக் கசிவு கூடுதலாக இருக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

ஒரே வாரத்தில் ஈறெல்லாம் புண்ணாகி, தாங்க முடியாத நாற்றம். இதுவும் ஈறு நோய்தானா?

இது வேறு ரகம், வேகமானது. பல்லுக்கு நடுவிலுள்ள ஈறு முனைகள் கிள்ளி எடுத்தது போல அரிபட்டு, மேலே சாம்பல் நிறப் படலம் இருக்கும். தொட்டாலே ரத்தம், கடும் வலி, இரும்புச் சுவை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்களிடம் இது நிறையக் காணப்பட்டது. இன்றைக்குத் தூக்கமில்லாமல், சரியாகச் சாப்பிடாமல், புகைபிடித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் பார்க்கிறோம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வரும். அதனால் மருத்துவர் ரத்தப் பரிசோதனை சிலவற்றைச் செய்யச் சொன்னால் தயங்காதீர்கள். சுத்தம் செய்து மருந்து கொடுத்தால் சில நாட்களிலேயே வலி நன்றாகக் குறையும். மருந்து பெரும்பாலும் மெட்ரோனிடசோல். அதுவே இரும்புச் சுவையைத் தரும் மாத்திரை என்பது தனிக் கூத்து.

பல் வலி திடீரென்று நின்றுவிட்டது. ஆனால் வாயில் உப்பும் இரும்புமாக ஏதோ ஊறுகிறது.

பல் வேரில் கட்டியிருந்த சீழ் உடைந்து வடிகிறது. அழுத்தம் இறங்கியதால் வலி போயிற்று, நோய் போகவில்லை. ஈறில் சின்னப் பரு மாதிரி ஒன்று தோன்றித் தோன்றி மறைகிறதா என்று பாருங்கள். வேர் சிகிச்சை செய்வது, முடியாவிட்டால் பல்லை எடுப்பது என்று இரண்டே வழிதான். ஆன்டிபயாட்டிக் மட்டும் சாப்பிட்டால் சில வாரம் அடங்கிக் கிடந்து திரும்ப வரும்.

எந்தெந்த மாத்திரைகள் இந்தச் சுவையைத் தரும்?

நிறைய. அதனால்தான் ஈறுக்கு அடுத்தபடி மாத்திரைப் பையைப் பார்க்கிறோம்.

நம் ஊரில் முதலிடம் சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினுக்கு. ஆரம்பித்த முதல் வாரங்களில் இந்தச் சுவை பலருக்கு வரும், பெரும்பாலும் தானே குறையும். ஆனால் மெட்ஃபார்மினுக்கு இன்னொரு முகமும் உண்டு. வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு உடலில் பி12 குறைகிறது. அந்தக் குறைவு நாக்கில் எரிச்சலாக வெளிப்படலாம். ஆக, புதிதாகச் சாப்பிடுபவரின் இரும்புச் சுவைக்கும், பத்து வருடமாகச் சாப்பிடுபவரின் நாக்கு எரிச்சலுக்கும் ஒரே மாத்திரை இரண்டு வெவ்வேறு வழிகளில் காரணமாகலாம். சர்க்கரை மருத்துவரிடம் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வருடங்கள் ஓடிய பின்னும் பலருக்கு அது பார்க்கப்படாமலே இருக்கிறது.

அடுத்தது மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல் குடும்பம். பேதிக்கு ஆஃப்ளாக்சசினோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையிலும் இது இருக்கும். பெயரைக் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டு, வாய் ஏன் இப்படியாயிற்று என்று குழம்புவார்கள். மருந்து முடிந்த சில நாட்களில் சுவை போய்விடும். இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் முடிந்த இரண்டு மூன்று நாட்களிலும் மது தொடக் கூடாது.

அப்புறம் கிளாரித்ரோமைசின், இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில், மனநல சிகிச்சையில் கொடுக்கும் லித்தியம், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் எத்தியோனமைட், குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம், இரும்பு அல்லது துத்தநாகச் சத்து மாத்திரைகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் வகை மருந்துகள். படர்தாமரை, நகப் பூஞ்சைக்குத் தரும் டெர்பினாஃபின் சுவையைக் கெடுத்தால் மருந்தை நிறுத்திய பிறகும் சுவை சீராவதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

மாத்திரை தொடங்கிய தேதி, சுவை தொடங்கிய தேதி இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பலருக்கு அங்கேயே விஷயம் பிடிபட்டுவிடும். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் மாற்று இருக்கிறதா என்று அவரே பார்ப்பார்.

பல், ஈறு எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் நாக்கு எரிகிறது, இரும்புச் சுவையும் போகவில்லை. எனக்கு என்னதான் கோளாறு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்கள். வீட்டில் 'எல்லாம் உன் நினைப்புதான்' என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வருவார்கள். நினைப்பு இல்லை. எரிவாய் நோய் என்று ஒன்று இருக்கிறது. புண்ணோ வீக்கமோ எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாக எரிச்சல் இருந்து, பரிசோதனையில் வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டால் இந்தப் பெயரைச் சொல்கிறோம். வாயின் உணர்ச்சி நரம்புகளும் சுவை நரம்புகளும் வேலை செய்யும் விதத்தில் ஏற்படும் கோளாறு என்று கருதப்படுகிறது. கசப்பு அல்லது இரும்புச் சுவை பலருக்கு இதனோடு சேர்ந்தே வரும்.

இதன் போக்கு தனி. நாக்கு நுனி, உதட்டின் உட்புறம், மேலண்ணத்தின் முன்பகுதி என்று இரண்டு பக்கமும் சமமாக எரியும். காலையில் எழும்போது பலருக்கு ஒன்றும் இருக்காது, பொழுது ஏற ஏறக் கூடி, சாயங்காலம் உச்சத்துக்குப் போகும். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது குறைவு. முக்கியமாக, சாப்பிடும்போது எரிச்சல் குறைந்தது போல இருக்கும். புண் வலி இதற்கு நேரெதிர், சாப்பாடு பட்டால்தான் அலறும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததால்தான் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு பல் போயும் எரிச்சல் நிற்காமல் அடுத்த பல்லையும் எடுத்திருப்பார்கள். எரிச்சலுக்காகப் பல்லை எடுக்க யாராவது சொன்னால், எக்ஸ்ரேயில் என்ன கெட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் குறைக்க வழி உண்டு. குளோனசெபாம் மாத்திரையை விழுங்காமல் வாயில் சில நிமிடம் கரைய விட்டுத் துப்பச் சொல்வது ஒரு முறை. பழக்கமாகிவிடக்கூடிய மருந்து என்பதால் மருத்துவர் சீட்டில்லாமல் கூடாது. நரம்பு வலிக்கான மற்ற மருந்துகளும், வலியோடு வாழப் பழக்கும் மனநல ஆலோசனையும் சிலருக்குப் பலன் தருகின்றன. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வது, ஐஸ் துண்டைச் சப்புவது அந்தந்த நேரத்துக்கு உதவும். இது புற்றுநோயாக மாறாது என்று சொல்லக் கேட்ட மாத்திரத்திலேயே முகம் தெளிபவர்கள் உண்டு. அந்தப் பயத்தை வெளியே சொல்லாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வாய்ப்புண் என்றாலே வயிற்றில் புண் என்கிறார்களே?

அப்படி ஒரு கணக்கு இல்லை. வந்து ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும் சின்ன வாய்ப்புண்ணுக்கு வயிறு பெரும்பாலும் பொறுப்பல்ல. தூக்கக் குறைவு, மன உளைச்சல், கடித்துக்கொண்டது, சிலருக்குப் பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் ஆகியவை அதைக் கிளப்பும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், நல்ல கீரை. ஆனால் மாதக்கணக்கில் கீரையிலேயே காலம் தள்ள வேண்டாம்.

வயிற்றுக்குச் சம்பந்தம் இருக்கும் இடங்கள் இரண்டு. இரைப்பை அமிலம் மேலேறினால், அதுவும் படுத்தவுடன், புளிப்போ இரும்போ கலந்த சுவை வாய்க்கு வரும், நெஞ்செரிச்சலும் கூட இருக்கும். குடல் சத்தை உறிஞ்சாமல் போனால் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 குறைந்து நாக்கு வழவழவென்று சிவந்து எரியும், வாயோரம் வெடிக்கும். பி12 இயற்கையாக இருப்பது பால், முட்டை, மீன், இறைச்சியில்தான். சைவச் சாப்பாட்டுக்காரர்கள், வயதானவர்கள், வருடக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை போடுபவர்கள் இதில் மாட்டுவது அதிகம். ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டால் முடிவு மழுப்பலாக வரும். முதலில் பரிசோதனை, அப்புறம் மாத்திரை.

கொஞ்ச நாளாகக் காரமே தாங்க முடியவில்லை. பாக்கு போடும் பழக்கம் உண்டு. சம்பந்தம் இருக்குமா?

இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். பாக்கு, மாவா, குட்கா, பான் மசாலா மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகும் நோய் வருகிறது. அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் வலி அல்ல, ரசம் பட்டால்கூட எரிவதுதான். பிறகு கன்னம் உள்ளே வெளுத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லை என்றால் காட்ட வேண்டும்.

புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. 'புகையிலை இல்லை டாக்டர், வெறும் பாக்குத்தான்' என்பது அதனால் எடுபடாது. இறுகிய கன்னம் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், வாய் திறக்கும் பயிற்சியும் மருந்தும் உதவும்.

பல் அடைத்த பிறகுதான் இந்தச் சுவை வந்தது.

வெள்ளி நிற அடைப்பும், பக்கத்துப் பல்லின் மேல் மாட்டிய வேறு உலோகத் தொப்பியும் இருந்தால், எச்சில் நடுவில் நின்று மெல்லிய மின்னோட்டம் உண்டாகலாம். சுரீர் என்று ஒரு வலி, உலோகச் சுவை. சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளைத் தெரியாமல் கடித்தவர்களுக்குப் புரியும். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். அடங்கவில்லை என்றால் அடைப்பை மாற்றலாம்.

காதில் அறுவை சிகிச்சை செய்தேன். வாய்ச் சுவை ஏன் மாறியது?

நாக்கின் முன்பகுதிச் சுவையை எடுத்துச் செல்லும் நரம்பு நடுக்காது வழியாகப் போகிறது. அறுவையில் அது இழுபட்டால் ஒரு பக்க நாக்கில் இரும்புச் சுவை வரும், பலருக்கு மாதங்களில் சரியாகும். கீழ் ஞானப்பல் எடுத்த பிறகும் இப்படி வரலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன், எதைச் சாப்பிட்டாலும் இரும்பாக இருக்கிறது.

முதல் மூன்று மாதத்தில் சகஜம், போகப் போகக் குறையும். இரும்புச்சத்து மாத்திரையும் காரணமாக இருக்கலாம், அதை நிறுத்த வேண்டாம். எவர்சில்வர் தம்ளருக்குப் பதில் கண்ணாடி தம்ளரில் குடித்துப் பாருங்கள், சிலருக்கு உதவுகிறது. ஈறு வீங்கி ரத்தம் வந்தால் சுத்தம் செய்துகொள்ளலாம், கர்ப்ப காலத்தில் அதற்குத் தடையில்லை.

பல்செட் போடுகிறேன், இன்ஹேலரும் எடுக்கிறேன். மேலண்ணம் எரிகிறது.

பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். பல்செட்டுக்கு அடியில் அண்ணம் செக்கச்செவேலென்று இருக்கும், சிலருக்கு வழித்தால் வரும் வெள்ளைப் படலம். ராத்திரி பல்செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போட்டு வையுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் அடித்த பிறகு ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். அடிக்கடி திரும்பினால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறாக இருக்குமோ?

இந்தச் சுவையை மட்டும் வைத்து அங்கே போக வேண்டாம். சிறுநீரகம் நன்றாகச் செயலிழந்த பிறகுதான் யூரியா எச்சிலில் ஏறி இரும்பும் அம்மோனியாவுமாகச் சுவையைக் கெடுக்கும். அதற்குள் கால் வீக்கம், குமட்டல், பசியின்மை என்று வேறு அறிகுறிகளும் வந்திருக்கும். நீண்ட நாள் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை எப்படியும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறந்துபோகும் இன்னொரு காரணம் ஈயம். பழைய பேட்டரி உருக்கும் வேலையில் இருப்பவர்கள், என்ன சேர்த்தது என்று தெரியாத பற்பம், செந்தூரம் சாப்பிடுபவர்கள் இரும்புச் சுவையோடு வயிற்று வலியும் மலச்சிக்கலும் இருந்தால் அதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க முடியும், ஆனால் சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது.

யாரிடம் போவது? என்ன பரிசோதனை எழுதுவார்கள்?

முதலில் பல் மருத்துவர். அவர் ஒன்றும் இல்லை என்றால் வாய் மருத்துவப் பிரிவு. பல் மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. முழு ரத்த எண்ணிக்கை, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியேட்டினின், தைராய்டு ஆகியவை வழக்கமாக எழுதப்படுபவை. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், நாட்டு மருந்து, சத்துப் பவுடர் உட்பட. 'வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று' என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கலாம். மென்மையான பிரஷ், நாக்கை லேசாக வழிப்பது, நிறையத் தண்ணீர். வலிக்கிற இடத்தில் மாத்திரையைப் பொடித்து வைப்பதும், கிராம்புத் தைலத்தை அப்படியே தடவுவதும் ஈறைப் பொசுக்கிவிடும். குளோரெக்சிடின் மவுத்வாஷ் நல்ல மருந்துதான், ஆனால் அதுவே சுவையை மாற்றும், பல்லில் பழுப்புக் கறை ஏற்றும். மருத்துவர் சொல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது?

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வழித்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் மரத்துப்போகும் உதடு இருந்தால் அந்த வாரமே காட்டுங்கள். ஈறு உப்பி ரத்தம் வருவதோடு காய்ச்சல், உடம்பில் ரத்தம் கன்றிய திட்டுகள், அசதி இருந்தால் ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே செய்ய வேண்டும், சில ரத்தப் புற்றுநோய்கள் இப்படித் தொடங்கும்.

தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் விடுகிறது என்றால் அது பல் வலியாக இல்லாமல் இதயமாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை வலி, நெற்றிப்பொட்டில் தலைவலி, பார்வை மங்கல் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனை, தாமதித்தால் பார்வை போகக்கூடும். ஊசி போட்ட சில நிமிடங்களில் திடீரென்று இரும்புச் சுவை வந்து, உடம்பு அரித்து, மூச்சு முட்டினால் அது கடும் ஒவ்வாமை. அந்த இடத்தை விட்டு நகராமல் உடனே ஊசி போட்டவரைக் கூப்பிடுங்கள்.